உறவுக்கு இட்ட முதல்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புக்காக வெளியூர் வந்த குடும்பங்களிடம் கணக்கு எழுதும் பழக்கம் இயல்பாகவே படிந்துவிடுகிறது. மாதம் பிறந்ததும் வீட்டு வாடகை இவ்வளவு, பள்ளிக் கட்டணம் இவ்வளவு, ஊருக்கு அனுப்ப வேண்டியது இவ்வளவு, கோடை விடுமுறைப் பயணத்துக்கு எடுத்து வைக்க வேண்டியது இவ்வளவு என்று வகுத்துக்கொள்கிறோம். சீட்டுக் கட்டுகிறோம்; ஊர்ப்பக்கம் ஒரு மனை வாங்க வேண்டும் என்று வாயைக் கட்டி மிச்சம் பிடிக்கிறோம். அவசரத்துக்குக் கைகொடுக்க அருகில் ஆள் இல்லையே என்ற அச்சந்தான் இந்தச் சிக்கனத்துக்குத் தாய். அந்த அச்சம் நியாயமானதே. அதிலிருந்து பிறந்த சிக்கனமும் போற்றத் தக்கதே.

ஆனால், அதே அச்சத்துக்கு மருந்தாகக்கூடிய மற்றொரு சேமிப்பை நாம் நினைப்பதில்லை. மனிதர்களுக்காக நாம் செலவிடும் பொழுதுதான் அது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம் செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவாக வந்து சேர்கிறது. அதில் அலுவலகத்துக்கு எவ்வளவு, பேருந்திலும் ரயிலிலும் கழிவது எவ்வளவு, உறக்கத்துக்கு எவ்வளவு என்பது ஏறக்குறைய நமக்குத் தெரியும். பெற்ற தாய்க்கு எவ்வளவு, வாழ்க்கைத் துணைக்கு எவ்வளவு, நண்பருக்கு எவ்வளவு, அடுத்த வீட்டாருக்கு எவ்வளவு என்று கேட்டால் நம்மில் பலர் விடை சொல்லத் தயங்குவோம்.

உறவு பிறப்பால் வருவது, நட்பு தானாக அமைவது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். உண்மையில் இரண்டும் பொழுதை உண்டு வளர்பவை. சொந்த ஊரிலேயே வாழ்பவருக்கு இது தெரிவதில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. திண்ணையில் உட்காரும்போதும், சந்தைக்கும் கோயிலுக்கும் நடக்கும்போதும், காதுகுத்துக்கும் கருமாதிக்கும் போய் நிற்கும்போதும், அவர் அறியாமலே அவருடைய பொழுது உறவுக் கணக்கில் வரவாகிக்கொண்டிருக்கிறது. நமக்கோ அந்தத் திண்ணை இல்லை. நாமாக முயன்று கொடுத்தாலன்றி ஒரு நாழிகையும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. வெளியூர் வாழ்க்கைக்கும் உள்ளூர் வாழ்க்கைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

ஆராய்ச்சி சொல்லும் செய்தி

"உறவும் நட்பும் மனத்துக்கு இன்பம் தருபவைதாம், ஆனால் முதலில் வயிற்றுப்பாட்டைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு விடை சொல்ல நீதி நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. மருத்துவ ஆராய்ச்சியே விடை சொல்கிறது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். தங்கள் மாணவர்களில் 268 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கை எவ்வாறு செல்கிறது என்று ஆண்டுதோறும் கவனித்து வரலாயினர். அக்காலத்திலேயே பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த 456 சிறுவர்களைப் பற்றியும் தனியே ஓர் ஆராய்ச்சி நடந்து வந்தது. பிற்காலத்தில் இரண்டும் ஒன்றாக இணைந்தன. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுமாக 724 பேர் இளைஞராக இருந்து, மணந்து, தொழில் செய்து, மூப்படைந்து, மறையும் வரையில் அவர்களைத் தொடர்ந்தனர். கேள்வித் தாள் அனுப்பினர். மருத்துவக் குறிப்புகளைத் திரட்டினர். வீட்டுக்கே சென்று உரையாடினர். முதலில் வந்த ஆராய்ச்சியாளர் ஓய்வு பெற, அடுத்த தலைமுறையினர் அப்பணியை ஏற்றனர். எண்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த இந்த ஆராய்ச்சிக்கு நான்காவது தலைவராக வந்தவர் ராபர்ட் வால்டிங்கர் என்னும் மனநல மருத்துவர்.

இவ்வளவு நெடிய உழைப்பின் முடிவு என்ன? ஒருவர் 80 வயதில் எவ்வளவு நலமாக இருப்பார் என்பதை, 50 வயதில் அவர் இரத்தத்தில் இருந்த கொழுப்பின் அளவைவிட, அந்த வயதில் தம் உறவுகளில் அவர் எவ்வளவு நிறைவு கொண்டிருந்தார் என்பதே தெளிவாகக் காட்டியது. நெருங்கிய உறவும் நட்பும் உடையவர் உடலாலும் உள்ளத்தாலும் நலமுற்றிருந்தனர். தனிமையில் வாடியவர் முன்னதாகவே தளர்ந்தனர்.

ஒரே ஓர் ஆராய்ச்சியை வைத்து முடிவு கட்டலாமா என்ற ஐயம் எழலாம். 2010-ஆம் ஆண்டில் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்னும் உளவியல் பேராசிரியரும் அவர்தம் தோழர்களும் அதுவரை வெளிவந்த 148 ஆராய்ச்சிகளை ஒருங்கே ஆய்ந்தனர். அவற்றில் 3,08,849 பேரின் வரலாறு அடங்கியிருந்தது. சராசரியாக ஏழரை ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், உறவுப் பிணைப்பு வலிமையாக உள்ளவர்கள் உயிர் வாழ்ந்திருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 50 விழுக்காடு மிகுதி என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென அமைத்த ஆணையம் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தன் அறிக்கையை வெளியிட்டது. உலக மக்களில் 6 பேரில் ஒருவர் தனிமைத் துயரால் வருந்துகின்றனர் என்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 மரணங்களுக்கு அத்துயர் காரணமாகிறது என்றும் அது மதிப்பிட்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. நெஞ்சு வலிப்பதாகச் சொன்னதும், "வா, மருத்துவரிடம் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துச் செல்ல ஒருவர் இருக்கிறார்; மாத்திரை உண்டாயிற்றா என்று கேட்க ஒருவர் இருக்கிறார்; அலுவலகத்தில் பட்ட அவமானத்தைச் சொல்லி ஆற ஒரு செவி இருக்கிறது. இவை உள்ளவர் பிழைத்துக்கொள்கிறார். இல்லாதவரோ வலியை வாய்வு என்று எண்ணி, விடியட்டும் என்று படுத்துவிடுகிறார். வெளியூரில் தனியே வாழும் நம்மவர்க்கு இந்த வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ?

நட்புக்கு எத்தனை மணி நேரம்?

நட்புக்குப் பொழுது வேண்டும் என்றால் எவ்வளவு வேண்டும்? இக்கேள்விக்கும் ஒருவர் விடை தேடியிருக்கிறார். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். அதற்கு அவர் தேர்ந்துகொண்டவர்கள் யாவர் என்பது நம் கவனத்துக்கு உரியது. முதல் ஆய்வில் இருந்தவர்கள் அண்மையில் ஆறு மாதத்துக்குள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த 355 பேர். நம்மைப் போன்றவர்களே என்று சொல்லலாம்.

அறிமுகமான ஒருவர் ஓரளவு பழகிய நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்றே சொல்லும் நிலைக்கு 90 மணி நேரம் ஆகிறது. உற்ற நண்பராவதற்கோ 200 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். இவை அவர் கண்ட அளவுகள். வேலையின் பொருட்டு ஒரே இடத்தில் இருக்க நேர்ந்த பொழுது இதற்கு அவ்வளவாகப் பயன்படவில்லை என்பதும் அவர் கண்ட மற்றோர் உண்மை. ஓய்வில் கூடிப் பேசியதும், சேர்ந்து உண்டதும், சிரித்துக் கழித்ததுமே நெருக்கத்தை வளர்த்தன.

இந்த எண்களை நம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்போம். ஒரு குடும்பத்தோடு ஞாயிறு தோறும் தவறாமல் இரண்டு மணி நேரம் கலந்து பழகினால் ஆண்டுக்கு 104 மணி நேரம். உற்ற நட்பு உருவாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். மாதம் ஒருமுறை மட்டும் இரண்டு மணி நேரம் சந்தித்தால் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றல் வரும் அலுவலில் இருப்பவர், "பழகலாம், அவசரம் என்ன?" என்று தள்ளிக்கொண்டே போனால், பழகத் தொடங்கும் முன்பே மூட்டை கட்ட வேண்டிய நாள் வந்துவிடும்.

நம்முடைய விழாக்களையே எடுத்துக்கொள்வோம். பொங்கல் விழாவென்றும் இசை நிகழ்ச்சியென்றும் கூடுகிறோம். குறித்த நேரத்துக்குச் சற்றுப் பின்னால் வருகிறோம். முன்னே இருப்பவரின் முதுகைப் பார்த்தவாறு உட்கார்ந்திருக்கிறோம். வாழ்த்துரை முடிந்து நன்றியுரை தொடங்கும்போதே செருப்பைத் தேடுகிறோம். ஆண்டுக்கு ஆறு விழாவுக்கு வந்தும் பக்கத்து நாற்காலிக்காரர் பெயர் தெரியாமல் போவது இதனால்தான். மேடையில் நடப்பது விழா. அது முடிந்தபின் காப்பிக் குவளையைக் கையில் ஏந்தி, "எந்த ஊர்? எந்தத் தெரு?" என்று தொடங்கும் அரை மணி நேரம் அல்லவா உறவுக்கு முதல்?

பழைய நட்பின் நிலை என்ன? ஊரில் கூடப் படித்தவன், விடுதியில் ஒரே அறையில் இருந்தவள், முதல் வேலையில் தோள் கொடுத்தவர் ஆகியோரை நினைவில் வைத்திருந்தால் போதும் என்று எண்ணுகிறோம். இங்கிலாந்தில் சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பார் என்னும் அறிஞர்கள் பள்ளிப் படிப்பை முடித்த 30 மாணவர்களைப் பதினெட்டு மாதங்கள் தொடர்ந்து ஆராய்ந்தனர். பிரிந்தபின் பேச்சும் சந்திப்பும் குறையக் குறைய நட்பின் நெருக்கம் விரைவில் தளர்ந்தது. இரத்த உறவோ அவ்வளவு விரைவில் தளரவில்லை. சித்தப்பாவும் அத்தையும் நாம் பேசாமல் இருந்த ஆண்டுகளைப் பொறுத்துக்கொள்வர். நட்பு அவ்வளவு காலம் பொறுக்காது. எனவே, உறவினர் கோபித்துக்கொள்வாரே என்று அஞ்சி அவருக்கு மட்டும் பேசிவிட்டு, நண்பன் கோபிக்க மாட்டான் என்று விட்டுவிடுவது தலைகீழான கணக்கு.

பிசிராந்தையார் நமக்குச் சொல்வது

இங்கே தமிழறிந்த அன்பர் ஒருவர் எழுந்து மறுக்கக்கூடும். "கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பழகியா நண்பர் ஆயினர்? பாண்டிய நாட்டுப் புலவரும் சோழ வேந்தனும் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. புறநானூறு போற்றும் அந்த நட்புக்கு எத்தனை மணி நேரம் செலவாயிற்று?" என்று அவர் கேட்கலாம். நல்ல கேள்விதான்.

உணர்ச்சி ஒத்த இருவர் காணாமலே நண்பராகலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அது அரிதினும் அரிது. அதனால் அன்றோ புலவர் பாடினர்? மேலும், அந்த வரலாறு எவ்வாறு முடிகிறது என்பதையும் நோக்க வேண்டும். சோழன் வடக்கிருந்து உயிர் துறக்கத் துணிந்தபோது, தன் நண்பர் வருவார் என்று நம்பி அவருக்கு ஓர் இடத்தை ஒதுக்கச் செய்தான். அவரும் வந்தார். உள்ளத்தில் அன்பு இருக்கிறதே, அது போதும் என்று பாண்டிய நாட்டிலேயே அவர் இருந்துவிடவில்லை. வழி நடந்து வந்து, தமக்கென ஒதுக்கிய இடத்தில் அமர்ந்து, எஞ்சிய வாழ்நாளையே நண்பனுக்கு அளித்தார். காணாத நட்பும் இறுதியில் வந்து நிற்பதாலேயே மெய்ப்பட்டது.

வள்ளுவரும் நட்பை ஐந்து அதிகாரங்களில் விரித்துரைத்தவர். அவற்றுள் ஒன்றுக்குப் 'பழைமை' என்றே பெயரிட்டார். நெடுங்காலம் பழகிய நட்பு, பிழை பொறுக்கும் உரிமையைத் தருகிறது என்பது அவ்வதிகாரத்தின் சாரம். அந்த உரிமையை விலைக்கு வாங்க முடியாது. ஆண்டுகளைக் கொடுத்தே பெற வேண்டும்.

ஊரில் காத்திருப்போர்

இனி, நம் நெஞ்சைத் தொடும் கணக்குக்கு வருவோம். எழுபது வயதான தாயோ தந்தையோ ஊரில் இருக்கிறார். நாம் ஆண்டுக்கு ஒருமுறை பத்து நாள் போய் வருகிறோம். அவர் இன்னும் பதினைந்து ஆண்டு நலமாக வாழ்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நாம் அவரோடு இருக்கப் போவது 150 நாள்; அதாவது ஐந்து மாதம். அந்தப் பத்து நாளிலும் குலதெய்வக் கோயில் ஒரு நாள், மனைவியின் ஊர் இரண்டு நாள், கலியாணம் ஒன்று, துணிக்கடை ஒரு நாள், பத்திரப் பதிவு அலுவலகம் ஒரு நாள் என்று போய்விடுகிறது. எஞ்சியதில் அவர் அருகே உட்கார்ந்து பேசுவது நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், பதினைந்து ஆண்டுக்கு 300 மணி நேரந்தான். பகலும் இரவுமாகச் சேர்த்தால் பன்னிரண்டரை நாள்.

பதினைந்து ஆண்டு இருக்கிறது என்று நாம் நினைத்திருக்க, கையில் இருப்பதோ பன்னிரண்டரை நாள்! இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபின், "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்" என்ற சொல் அவ்வளவு எளிதாக நாவில் வருமா?

மாதந்தோறும் பணம் அனுப்புகிறோமே என்றால், அது கடமை. அதில் குறை வைக்கக் கூடாது. பெற்றோரைப் பேணாத மக்களிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத் தர 2007-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சட்டமே இயற்றப்பட்டது. முதியவர் தீர்ப்பாயத்தில் முறையிட்டால், மாதம் இவ்வளவு கொடு என்று ஆணையிட முடியும். ஆனால், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் தாயோடு பேசு என்று எந்தத் தீர்ப்பாயமும் ஆணையிட முடியாது. சட்டம் பெற்றுத் தர முடியாததைத்தான் அவர்கள் பெரிதும் விரும்புகிறார்கள்.

முன்னோரின் நிலையை எண்ணிப் பார்த்தால் நம் நல்வாய்ப்பு விளங்கும். தில்லிக்கும் சென்னைக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவைக் கழித்து ஊர் போய்ச் சேர்ந்த தலைமுறை அது. 1950-ஆம் ஆண்டில் வந்த உள்நாட்டு அஞ்சல் தாளில், மூலையில்கூட வெள்ளை விடாமல் நுணுக்கி எழுதுவார்கள். மடிக்கும் ஓரத்திலும் "குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது" என்று ஒரு வரி இருக்கும். தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே அழுகை கேட்கும். 2013-ஆம் ஆண்டு ஜூலையில் அந்தத் தந்தியும் விடைபெற்றது. இன்று பேரனின் முகத்தைப் பாட்டி நொடியில் பார்க்கிறாள். இதைப் பழிப்பது நன்றி மறந்த செயல்.

எனினும், ஒன்றை நாம் நோக்க வேண்டும். கருவி தூரத்தைக் குறைத்தது; அதனால் மிஞ்சிய பொழுதை நாம் உறவுக்குக் கொடுக்கவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் அந்த ஒருவரையே நினைத்துக்கொண்டிருந்தார். இன்றோ, "சாப்பிட்டாயா? மாத்திரை போட்டாயா? அப்புறம்? சரி, வைக்கட்டுமா?" என்று நான்கு கேள்வியில் உரையாடல் முடிகிறது. "அப்புறம்?" என்ற சொல் வந்துவிட்டாலே கைப்பேசியை வைக்க மனம் துடிக்கிறது என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? வேறு கேள்விகளும் உண்டு. கொல்லை முருங்கை காய்த்ததா, எதிர்வீட்டு வழக்கு என்ன ஆயிற்று, அந்தக் காலத்தில் புளிக்காய்ச்சலுக்கு என்ன வறுத்துப் போடுவாய் என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் போவது தெரியாது. தான் இன்னும் ஒருவருக்கு வேண்டியவள் என்ற நிறைவோடு அன்றிரவு அவள் உறங்குவாள்.

இல்லத்தின் உள்ளே

தொலைவில் இருப்பவர்க்குப் பொழுது கொடுக்கத் தொலைவு தடையாக இருக்கலாம். ஒரே கூரையின்கீழ் இருப்பவர்க்கு என்ன தடை?

ஊரில் கூட்டமாக வாழ்ந்த பெண், மணமாகி மொழி தெரியாத நகரத்துக்கு வருகிறாள். காலை எட்டு மணிக்குக் கதவு சாத்தினால் இரவு எட்டு மணிக்குத்தான் கணவன் திரும்புகிறான். காய்கறிக்காரனோடு கை விரலால் பேரம் பேசி, தொலைக்காட்சியின் குரலைத் துணையாகக் கொண்டு அவள் கழிக்கும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? இன்று இருவரும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில் நிலை வேறு. அங்கே இருவரும் களைத்துத் திரும்புகின்றனர். பால் வந்ததா, மின்கட்டணம் கட்டியாயிற்றா, நாளைக்கு யார் பிள்ளையை அழைத்து வருவது என்ற மூன்றோடு பேச்சு நின்றுவிடுகிறது. அது குடித்தன நிருவாகம். இல்லறப் பேச்சு ஆகாது. உணவுக்குப் பின் அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து தெருவில் நடந்து வருவது எந்த நகைக்கும் குறைந்த பரிசு அன்று.

உறவுக்குப் பொழுது கொடுக்கும் வேலை முழுவதும் பெண்கள் தலையிலேயே விழுந்திருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாத்தனார் மகளின் பிறந்தநாளை நினைவில் வைப்பதும், மாமனாரின் கண் அறுவைக்குப் பேசி விசாரிப்பதும், பண்டிகைக்கு அடுத்த வீட்டுக்குப் பலகாரம் அனுப்புவதும் அவளே. "எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள்" என்று இருக்கும் கணவன், முதுமையில் துணையை இழந்தால் உறவுகள் அனைத்தையும் சேர்த்தே இழக்கிறான். எந்த எண்ணை அழைப்பது, யாரிடம் என்ன பேசுவது என்றே அவனுக்குத் தெரிவதில்லை. தன் உறவை ஆணும் தானே பேணக் கற்றுக்கொள்வது அவன் நன்மைக்கே.

பிள்ளைகளுக்கு வருவோம். தமிழில் மாமன் வேறு, சித்தப்பா வேறு, பெரியப்பா வேறு. ஒவ்வொரு பெயரிலும் ஓர் உரிமையும் ஒரு கடமையும் உண்டு. காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்பவர் தாய்மாமன் என்று சொன்னால், நகரத்தில் பிறந்த குழந்தைக்கு அது ஒரு செய்தி. எல்லாரையும் 'அங்கிள்', 'ஆண்டி' என்று அழைத்துப் பழகிய நாவுக்கு உறவின் வேறுபாடு எவ்வாறு விளங்கும்? விடுமுறையில் பத்து நாள் அத்தை வீட்டில் தனியே விட்டு வந்தால், ஆண்டு முழுதும் நாம் சொல்லி விளங்காதது தானே விளங்கிவிடும். வீட்டில் அவர்களோடு தமிழில் பேசச் செலவாகும் பொழுதும் உறவுக்கு இட்ட முதலே. பாட்டியும் பேரனும் மனம் விட்டுப் பேச ஒரு மொழி இல்லாமற் போனால், திரையில் முகம் தெரிந்து என்ன பயன்? இருவரும் சிரித்துக் கையசைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர்.

அடுத்த கதவு

மாதுங்காவிலும் கரோல் பாக்கிலும் தமிழர் ஒரே தெருவில் நெருங்கி வாழ்ந்த காலம் ஒன்று உண்டு. இன்று நகரங்கள் பரந்துவிட்டன. நம் குடும்பங்கள் நொய்டாவிலும் நவி மும்பையிலும் புணேயிலும் அடுக்குமாடிகளில் சிதறி இருக்கின்றன. ஒரு பக்கம் வங்காளி, மறுபக்கம் பஞ்சாபி, எதிரே மராட்டியர். தமிழரைத் தேடிப் பத்து கிலோமீட்டர் செல்லும் நாம், ஐந்து அடியில் உள்ள கதவைத் தட்டத் தயங்குகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. பயணிகள் ரயில்கள் நின்றன. இரண்டு மாதம் உள்நாட்டு விமானங்கள் பறக்கவில்லை. ஊரில் பெற்றவர் மறைந்தும் போக முடியாமல், இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் கண்டு அழுதவர் பலர். அந்நாளில் நோய் கண்டு கதவடைத்துக் கிடந்த வீடுகளின் வாயிலில் சோறும் பாலும் வைத்துச் சென்றவர் யார்? ஊரில் உள்ள உறவினர் அல்லர். அவர்களால் வந்திருக்க முடியாது. மொழி வேறான அண்டை வீட்டாரே. அவர்களோடு முன்பே பழகியிருந்தவர்களுக்கு அந்த உதவி தயக்கமின்றி வந்தது. பழகாதவர், கேட்க நாணிப் பட்டினி கிடந்தனர்.

துன்பம் வந்த பின் உறவைத் தேடுவது, வீடு பற்றிய பின் கிணறு வெட்டுவது போன்றது. பாங்கியில் போட்ட பணத்தை எந்த நாளும் எடுக்கலாம். உறவுக்கு இட்ட முதல் முற்றிப் பயன் தர ஆண்டுகள் வேண்டும். தேவையில்லாத நாளில் இட்டு வைத்தால்தான் தேவைப்படும் நாளில் அது கைக்கு வரும்.

பொழுது எங்கிருந்து வரும்?

"எல்லாம் சரி, நேரம் எங்கே?" என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. மும்பையின் மின்சார ரயிலிலும் பெங்களூரின் நெரிசலிலும் நாளுக்கு மூன்று மணி நேரத்தை இழப்பவரைப் பார்த்து, நேரம் ஒதுக்குங்கள் என்று உபதேசம் செய்வது எளிது. அவர் துன்பம் நமக்குத் தெரியாதது அன்று. எனவே, பெரிய பொழுதை நாம் கேட்கவில்லை. சிறிய பொழுது போதும். ஆனால் அது முறையாக வர வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் அன்றோ?

வாரத்தில் ஒரு நாளையும் ஒரு வேளையையும் ஒருவருக்கென்று குறித்து வையுங்கள். ஞாயிறு காலை பத்து மணி தாய்க்கு என்றால், அவள் ஒன்பதரைக்கே கைப்பேசியை அருகில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அந்தக் காத்திருத்தலே அவளுக்கு ஒரு மகிழ்ச்சி. நேரம் கிடைத்தபோது பேசுவேன் என்பவருக்கு நேரம் கிடைப்பதே இல்லை.

எப்படியும் செய்ய வேண்டிய வேலையில் மற்றொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தைக்குப் போகும்போது எதிர்வீட்டாரை அழைத்துச் செல்லலாம். நவராத்திரிக் கொலுவுக்குப் படி கட்டும்போதே பக்கத்துக் குழந்தைகளைக் கூப்பிடலாம். விருந்து என்று அழைத்துப் பதினாறு வகை சமைத்துக் களைத்துப்போவதைவிட, "ரசமும் அப்பளமுந்தான், வாருங்கள்" என்று மாதம் இருமுறை அழைப்பது மேலானது. தட்டுகளின் எண்ணிக்கையால் நட்பு வளர்வதில்லை. வந்து போகும் எண்ணிக்கையால் வளர்கிறது.

ஊருக்குப் போகும் பத்து நாளில் ஒரு நாளை எந்த வேலையும் இல்லாத நாளாக விட்டுவிடுங்கள். கோயில் வேண்டாம், கடை வேண்டாம், பிறர் வீட்டு அழைப்பும் வேண்டாம். காலை முதல் இரவு வரை பெற்றோர் வீட்டுக் கூடத்தில் இருங்கள். பேசக்கூட வேண்டியதில்லை, அவர்கள் செய்தித்தாள் படிக்க, நீங்கள் அருகே அவரை உரித்துக்கொண்டிருக்கலாம்.

எல்லாருக்கும் சமமாகப் பொழுதைப் பங்கிட வேண்டும் என்பதும் இல்லை. அறிமுகமான ஆயிரம் பேருக்கு வாழ்த்துப் படம் அனுப்புவதில் கழியும் அரை மணி நேரத்தை, உற்றவர் ஐவருக்கு முறை வைத்துக் கொடுத்தால் போதும். நள்ளிரவில் அழைத்தால் எழுந்து வரக்கூடியவர் நமக்கு எத்தனை பேர், நாம் எழுந்து ஓடக்கூடியவர் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவரோடு கடைசியாக எப்போது அமர்ந்து பேசினோம் என்பதைப் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் எங்கே குறைந்திருக்கிறது என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

ஓய்வு பெற்ற பின் உறவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாழ்ந்துவிட்டு, அறுபதாம் வயதில் ஊர் திரும்பி, அங்கே தம்மை அறிந்தவர் எவரும் இல்லை, இருந்த நகரத்திலும் இல்லை என்று இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள் நம்மிடையே உண்டு. கட்டிய வீடு பெரிதாக இருக்கிறது. வாசலில் செருப்புகள்தாம் குறைவு. அந்நிலை நமக்கு வராமல் காக்கும் வழி இப்போதும் நம் கையில் இருக்கிறது. இம்மாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் நாளிலேயே, அரை மணி நேரத்தையும் சேர்த்து அனுப்பத் தொடங்குவோம்.